ஜப்பானின் வடகோடி சோயா முனை: போய் வந்த நெல்லைக்காரர்கள் எழுதுங்கள்

பாளை மருமகள்:

கன்னியாகுமரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒரு நடை, கல்யாணம் முடிந்த கையோடு ஒரு நடை, வெளியூர் உறவுக்காரர் வந்தால் ஒரு நடை என்று அந்த முனை நமக்குப் பழகிப்போனது. அதே மாதிரி வேறொரு நாட்டின் வடகோடிக்குப் போனவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

நான் போனது ஜப்பானின் சோயா முனைக்கு. ஹொக்கைடோ தீவின் உச்சியில், வக்கனாய் என்ற ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வீட்டுக்காரருக்கு சப்போரோவில் வேலை. ஊரிலிருந்து அத்தை வந்திருந்த சமயம், ஆகஸ்டில் கிளம்பினோம். சப்போரோவிலிருந்து சோயா என்றே பெயர் வைத்த விரைவு ரயில் ஓடுகிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதிக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே பால்மாட்டுப் பண்ணை, ஆறு, காடு, திரும்பவும் பண்ணை. "ஆளையே காணுமே, இங்க யார்ட்ட வழி கேக்க?" என்று அத்தை கேட்டார்கள். வக்கனாயில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஜப்பானில் ரயில் கிடையாது. அங்கிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடம்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கியதும் நேரே முக்கோணத்துக்குப் போனார்கள். துருவ நட்சத்திரத்தின் ஒரு முனையை மனத்தில் வைத்து வடித்த நினைவுச் சின்னம் அது. வட அட்சரேகை 45 டிகிரி 31 நிமிடம். போட்டோ எடுக்க வரிசை நின்றது. யாரும் முண்டவில்லை. எடுத்து முடித்தவர் பின்னால் நிற்பவரின் போனை வாங்கி அவரையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்கிறார். பக்கத்தில் மாமியா ரின்ஸோவின் சிலை. 1808, 1809 ஆண்டுகளில் வடக்கே சகாலினுக்குப் போய், அது கண்டத்தோடு ஒட்டிய நிலம் இல்லை, தனித் தீவு என்று நிறுவியவர். விவசாயி வீட்டுப் பிள்ளை. சகாலினுக்கும் கண்டத்துக்கும் நடுவே உள்ள கடலை ஜப்பானில் இன்றைக்கும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். சிலை சகாலின் பக்கமே பார்த்து நிற்கிறது. நடுவில் 43 கிலோமீட்டர் கடல்தான். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததால் அடிவானத்தில் மெல்லிய நீலக் கோடு தெரிந்தது. "அந்தா தெரியுதே, அது ரஷ்யா" என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அடுத்த பஸ் வந்ததும் பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். இதுதான் எனக்கு ஆதங்கம். அவ்வளவு தூரம் வந்து ஒரு படமும் ஒரு சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பார்க்க வேண்டியது சாலைக்கு அந்தப் பக்கம், மேட்டின் மேல் இருக்கிறது. படி ஏறினால் ஒரு பெரிய புல்வெளிப் பூங்கா. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம். 1885-இல் முதன்முதலில் ஏற்றியது. அதைத் தாண்டினால் கல்லால் கட்டிய பழைய கடற்படைக் காவல் மேடை. 1902-இல், ரஷ்யாவோடு போர் வரும் என்று எதிர்பார்த்து, ரஷ்யக் கப்பல்களைக் கண்காணிக்கக் கட்டியது. அதன் மேல் ஏறி நின்றால் கடல் முழுக்கக் கண்ணுக்குள் வந்துவிடுகிறது.

அப்புறம் பிரார்த்தனைக் கோபுரம். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

1983 செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரிய பயணிகள் விமானம், வழி விலகி சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. சகாலினுக்கு மேற்கே கடலில் விழுந்தது. 269 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. விமான ஓட்டிகள் தானியங்கியை விமானத்தின் வழிகாட்டும் கருவியோடு இணைக்காமல், திசைமானி காட்டும் ஒரே திசையில் போகும்படி விட்டுவிட்டதுதான் வழி மாறக் காரணம் என்று பத்து ஆண்டு கழித்துச் சர்வதேச விமான அமைப்பின் அறிக்கை சொன்னது. சில டிகிரி விலகல்தான். மணிக்கணக்கில் பறந்ததில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக வளர்ந்துவிட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். கையில் போனை வைத்து வரைபடம் பார்த்துக்கொண்டே படியேறிய எனக்கு, இது தெரிந்ததும் கால் ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

கோபுரம் நாரை வடிவில், கடலைப் பார்த்து இருக்கிறது. உயரம் 19.83 மீட்டர், அந்த ஆண்டைக் குறிக்க. இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு 269 வெள்ளைக் கற்கள். அவர்கள் வந்த நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் 16 இறகுகள். அந்தப் பதினாறில் இந்தியாவும் ஒன்று. இந்தியர் ஒரே ஒருவர். வீட்டுக்காரர் இதைச் சொன்னதும் அத்தை, "யார் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணி, தனக்கு ஏதோ புரிந்த மாதிரி, அத்தையைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். அத்தையும் கைகூப்பினார்கள். பாஷை தேவைப்படவில்லை.

பூங்காவில் உலக அமைதி மணி ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அத்தை அடித்த அடியில் புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. நெல்லையப்பர் கோயில் கை அல்லவா!

சரி, என் பங்கு முடிந்தது. மற்றவர்கள் எழுதுங்கள்.

அம்பை வாசகர்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் போகவேண்டும் போல இருக்கிறது. ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

பாளை மருமகள்:

தம்பி, வெளிப்படையாகச் சொல்கிறேன். முனைக்கு எதிரே உள்ள கடைகளில் சிப்பி போட்ட நூடுல்ஸ், கடல்முள்ளி வைத்த சோறு, நண்டு, இவைதான் பெருமை. சூப் எல்லாமே மீன் வாசனை. அத்தைக்காக முந்தின இரவே புளியோதரை கிளறி எடுத்துப் போனேன். ஊரிலிருந்து வந்த மாங்காய் வற்றல் தொட்டுக்கொள்ள. குளிரில் புளியோதரை கெடவே இல்லை. வக்கனாயில் இறங்கியதும் கடையில் வேகவைத்த மக்காச்சோளம், உருளைக்கிழங்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஹொக்கைடோ பால் ஐஸ்கிரீமைச் சைவக்காரர்களும் தைரியமாகச் சாப்பிடலாம், காற்று ஐஸ்கிரீமைத் தட்டிப் பறிக்காமல் இருந்தால்.

ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் கட்டாயம். நமக்கு மார்கழி விடியற்காலையில் இருப்பதை விடக் குளிர் அதிகம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பஸ் ஒரு நாளைக்கு எண்ணி சில நடைதான். இறங்கியதும் திரும்பும் நேரத்தை நிறுத்தத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் திரும்புவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மேட்டுப் பூங்காவை நிதானமாகப் பார்க்கலாம்.

பணகுடி காத்தாடி:

நான் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். ஒரு பயிற்சிக்காக ஜப்பான் போனபோது, அக்டோபரில், அங்கே போனேன். போகச் சொன்னது நினைவுச் சின்னங்களுக்காக அல்ல. "முனைக்குப் பின்னால் காத்தாடிக் கூட்டமே இருக்கு, பார்த்துட்டு வா" என்று கூட இருந்தவர் சொன்னார்.

அந்தப் பூங்காவிலிருந்து தெற்கே பார்த்தால் சோயா மேடுகள். அலை அலையாக மேடு, பள்ளம், மேடு. மரமே இல்லை. மூங்கில் புல்லும் மாட்டுத் தீவனப் புல்லும்தான். பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் இருந்த ஈரம் உறைந்து உறைந்து உருகி மண் சரிந்து சரிந்து இப்படி வழவழப்பான மேடுகளாகிவிட்டதாம். அந்த மேடுகளில் 57 காத்தாடிகள். ஒவ்வொன்றும் 1,000 கிலோவாட். 2005-இல் ஓட ஆரம்பித்தவை. நம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு பக்கம் நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நிறுத்தியிருக்கும் முறை பார்க்க அழகு. நம் பக்கம் ஒன்றன் நிழல் ஒன்றின் மேல் விழும்படி நெருக்கி வைத்திருப்பார்கள். முன்னால் நிற்பது காற்றைக் கலைத்துவிட்டால் பின்னால் நிற்பதற்குக் கலங்கிய காற்றுதான் மிஞ்சும். இறக்கைக்கும் கேடு, கரண்டும் குறைவு. அங்கே மேட்டின் முதுகு போகும் போக்கிலேயே தாராளமாக இடம் விட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் காவல்கிணறு விலக்கில் பைக் ஓட்டியவனுக்குக் காற்று புதிதில்லை. நமக்கு வருவது மலைக் கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் காற்று. ஆனி, ஆடி, ஆவணி என்று சீசன் வைத்து அடிக்கும். வேலை செய்கிறவனுக்கு ஒரு திட்டம் போடலாம். சோயாவில் இரண்டு பக்கமும் கடல். மேற்கே ஜப்பான் கடல், கிழக்கே ஓகோட்ஸ்க் கடல். நான் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் காற்று திசை மாறி மாறி அடித்தது. பெரிய காற்று அங்கே பனிக்காலத்தில்தானாம். இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கும் தொல்லை வேறு. அதைக் கேட்டதும் பணகுடி வெயில் மேல் எனக்குப் பாசம் கூடியது.

மேட்டுப் பக்கம் ஒரு வெள்ளைப் பாதை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். சிப்பி ஓடுகளை நொறுக்கிக் கொட்டிப் போட்ட பாதை, சுமார் மூன்று கிலோமீட்டர். சோயா கடலில் சிப்பி பிடிப்புதான் பெரிய தொழில். ஓடு மலை மலையாகக் குவிகிறது. நம் கடற்கரையில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். அவர்கள் நொறுக்கிப் பாதையில் போட்டிருக்கிறார்கள். பச்சை மேட்டில் வெள்ளைப் பாதை, அதன் முடிவில் நீலக் கடல், வானம் தெளிந்தால் கடலுக்குள் ரிஷிரித் தீவின் மலை, 1,721 மீட்டர். வெயிலில் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

பிரார்த்தனைக் கோபுரத்தை நானும் பார்த்தேன். இறகுக்கு ஒரு நாடு என்பது பாளை அக்கா சொல்லித்தான் தெரிகிறது.

உவரி மாலுமி:

நான் அந்த முனையில் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த முனையைக் கடலிலிருந்து பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லலாம்தானே.

பல்க் கேரியரில் வேலை. வனினோ என்ற ரஷ்யத் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு பசிபிக் பக்கம் வரும்போது அந்த நீரிணை வழியாகத்தான் வந்தோம். ஜப்பானியர் சோயா நீரிணை என்பார்கள். எங்கள் கடல் வரைபடத்தில் லா பெரூஸ் நீரிணை. 1787-இல் அந்த வழியாகப் போன பிரெஞ்சு மாலுமியின் பெயர். ஜப்பான் மற்ற இடங்களில் 12 கடல் மைல் வரை தன் கடல் என்று வைத்திருக்கிறது. இது உட்பட ஐந்து நீரிணைகளில் மட்டும் 3 கடல் மைலோடு நிறுத்திக்கொண்டது. அதனால் நடுவில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத வழி ஒன்று கிடைக்கிறது. எல்லா நாட்டுக் கப்பலும் கேள்வியில்லாமல் போகலாம்.

கரையில் நிற்பவர்களுக்கு முக்கோணம் முக்கியம். எங்களுக்கு ரஷ்யக் கரைக்குக் கொஞ்சம் முன்னால் கடலுக்கு நடுவே நிற்கும் ஆபத்துப் பாறை முக்கியம். ரஷ்யர்கள் வைத்த பெயரே அதுதான். கோடையில் மூடுபனி இறங்கினால் கப்பலின் முன்பக்கம் கூடத் தெரியாது. நாங்கள் போனபோது பனி விலகி ஒரு இடைவெளி கிடைத்தது. வலது கைப்பக்கம் தாழ்வான பச்சை மேடு, வரிசையாகக் காத்தாடி, கீழே சிவப்பு வெள்ளைப் பட்டையோடு கலங்கரை விளக்கம். "அதுதான் ஜப்பான் முடியுற இடம்" என்று செகண்ட் ஆபீசர் காட்டினார்.

பிறகு அவரே ஒரு கதை சொன்னார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பேர்பெற்ற நீர்மூழ்கி வாகூ. ஜப்பான் கடலுக்குள் புகுந்து பல வணிகக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, இந்த நீரிணை வழியாக வெளியேறப் பார்த்தது. 1943 அக்டோபர் 11 அன்று ஜப்பான் விமானங்களும் கப்பல்களும் சேர்ந்து அதைத் தாக்கி மூழ்கடித்தன. உள்ளே இருந்த ஒருவரும் திரும்பவில்லை. அறுபது ஆண்டுக்கு மேல் எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்தது. ரஷ்ய முக்குளிப்பாளர்கள் கண்டுபிடித்து, அது வாகூதான் என்று 2006-இல் அமெரிக்கக் கடற்படை உறுதி செய்தது. நாங்கள் அதன் மேலேதான் போய்க்கொண்டிருந்தோம்.

சோயா முனைப் பூங்காவில் அதற்கும் ஒரு கல் இருக்கிறதாம். 1995-இல் வைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கல் நீர்மூழ்கியில் செத்த அமெரிக்கர்களுக்கும், அதே நீர்மூழ்கி மூழ்கடித்த கப்பல்களில் செத்த ஜப்பானியர்களுக்கும் சேர்த்து வைத்த கல். இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் கூடி வைத்திருக்கிறார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே கல்லில். எங்கள் ஊரில் பங்காளிச் சண்டையில் ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் தனி வேலி போட்டவர்கள் உண்டு.

கடற்கரைக்காரனுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். 2017 ஒக்கிப் புயலில் போன மீனவர்களில் பலருக்கு உடல் கிடைக்கவில்லை. குமரிக் கரையில் வீட்டுக்கு வீடு அழுகை. உடல் இல்லாமல் அடக்கம் எப்படிச் செய்வது, எங்கே போய் மெழுகுவத்தி ஏற்றுவது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சாமியாரிடம் கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொரிய விமானத்தில் போனவர்களின் குடும்பங்களுக்கும் அதே நிலைதான். சில உடைந்த துண்டுகளும் சில உடல் பாகங்களும் ஹொக்கைடோ கரையில் ஒதுங்கியதோடு சரி. போய் நிற்க ஒரு இடம் வேண்டும் அல்லவா? கடலைப் பார்த்தபடி ஒரு கோபுரம் இருப்பது அதற்குத்தான்.

நாங்குநேரி அண்ணாச்சி:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு முனையைப் பார்க்க ஏழு கடல் தாண்டணுமா தாயி? நாங்குநேரியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் கன்னியாகுமரி. மூன்று கடல், ஒரு பாறை, வள்ளுவர் சிலை, இப்போது கண்ணாடிப் பாலம். நினைவுச் சின்னத்துக்கா பஞ்சம்?

பாளை மருமகள்:

அண்ணாச்சி, கன்னியாகுமரியைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். நம் முனையில் நிற்கிறவர்கள் எல்லோரும் பெரியவர்கள். விவேகானந்தர் மண்டபம் 1970-இல், 133 அடி வள்ளுவர் 2000-இல், காந்தி மண்டபம், காமராசர் மணிமண்டபம். பெயர் சொன்னால் குழந்தைக்கும் தெரியும். சோயாவில் ரின்ஸோவை விட்டால் மற்ற கற்கள் பெரும்பாலும் நமக்குப் பெயர் தெரியாதவர்களுக்கு. விமானத்தில் போன யாரோ, கப்பலில் போன யாரோ.

நம் பக்கமும் அப்படி ஒன்று உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரையில் சுனாமி நினைவுத் தூண். 2004 டிசம்பர் 26 அன்று போனவர்களுக்காக வைத்தது. நீங்கள் எத்தனை தடவை அதன் பக்கத்தில் நின்றிருப்பீர்கள்? நான் படகுக்கு வரிசை நிற்கிற அவசரத்தில் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன், நின்றதில்லை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிற யோசனை இருக்கிறது. நீங்களும் வாருங்கள், கண்ணாடிப் பாலத்துக்கு முன்னால் அதற்கு.

நாங்குநேரி அண்ணாச்சி:

அடித்தாயே ஒரு அடி. வருகிறேன். டீச் செலவு உன்னுடையது.

தென்காசி மாணவன்:

நான் இரண்டு ஆண்டாக சப்போரோவில் படிக்கிறேன். நீங்கள் எல்லோரும் பனிக்காலம் வருவதற்கு முன்னால் போனீர்கள். நான் பிப்ரவரியில் போனேன். நண்பர்கள் பந்தயம் கட்டியதால் போனது.

பனிக்காலத்திலும் பஸ் ஓடுகிறது. இறங்கினால் முக்கோணம் இருக்கிறது, அதைத் தவிர எல்லாமே வெள்ளை. மேட்டுப் படிகள் பனிக்குள் புதைந்துவிட்டன, கோபுரத்துக்குப் போக முடியவில்லை. கையுறையைக் கழற்றிப் படம் எடுத்த நேரத்தில் விரல் மரத்துப்போய்ப் போன் திரையைத் தொட்டாலும் வேலை செய்யவில்லை. குற்றாலத்தில் சீசன் சாரலுக்கே துண்டைத் தலையில் சுற்றிக்கொள்பவன் நான். படம் கிடைத்தது, பந்தயத்தில் ஜெயித்தேன், அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பனிக்காலத்தில் போகாதீர்கள் என்பதுதான் என் அனுபவம்.

மே மாதம் திரும்பப் போனேன். இந்தத் தடவை வக்கனாய் ஊருக்குப் பின்னால் குன்றின் மேல் இருக்கும் இன்னொரு பூங்காவுக்கு. முனைக்குப் போகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஏறலாம். வழியில் மான்கள் வீட்டுத் தோட்டத்தில் மேய்கின்றன, யாரும் விரட்டுவதில்லை.

மேலே பனிக்கட்டி வாசல் என்று ஒரு நினைவுச் சின்னம். இரண்டு உயரமான தூண்கள், நடுவில் கைகளை விரித்து நிற்கும் வெண்கலப் பெண். சிற்பி ஹோங்கோ ஷின், 1963. சகாலினின் தென்பாதி 1945 வரை ஜப்பான் வசம் இருந்தது. அதைக் கராஃபுதோ என்பார்கள். வக்கனாயிலிருந்து அங்கே கப்பல் ஓடியது. போர் முடிந்ததும் அங்கே குடியிருந்த லட்சக்கணக்கான ஜப்பானியர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். வராமல் போனவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வாசல்.

அதன் பக்கத்தில் ஒன்பது பெண்களின் கல். மவோகா என்ற ஊரில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர்கள். ஜப்பான் சரணடைவதாக ஆகஸ்ட் 15 அன்றே வானொலியில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 20-ஆம் தேதி சோவியத் படை மவோகாவில் இறங்கியது. குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவர்கள் இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் ஒன்பது பேரும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்கள் கடைசியாக அனுப்பிய செய்தி, இதுதான் கடைசி என்று சொல்லி விடைபெற்றது, அந்தக் கல்லில் இருக்கிறது. என் வயதுதான் அவர்களுக்கு. போர் முடிந்த பிறகு போனார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அங்கே ஒரு வயதான தாத்தா பூ வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க எனக்குப் பல கேள்விகள் இருந்தன. என் ஜப்பானிய மொழி அதற்கு எட்டாது, எட்டினாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மனசு கனத்துப்போனால் அதே குன்றில் நாய்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜப்பானின் முதல் அண்டார்டிகா பயணத்துக்கான சறுக்குவண்டி நாய்களுக்கு 1956-இல் இந்தக் குன்றில்தான் பயிற்சி கொடுத்தார்கள். 1958-இல் மோசமான வானிலையில் 15 நாய்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது டாரோ, ஜிரோ என்று இரண்டு நாய்கள் உயிரோடு வாலாட்டிக்கொண்டு நின்றனவாம். என்னோடு வந்த ஜப்பானிய நண்பன் இந்தக் கதையைச் சொல்லும்போது கண் கலங்கினான். ஒன்பது பெண்களின் கல்லுக்கு முன்னால் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் ஒன்று, 427 மீட்டர் நீளம், பாதி வளைந்த கூரை, 70 தூண்கள். 1936-இல் கட்டி முடித்தது. கராஃபுதோ கப்பலுக்குப் போகிறவர்கள் அலையில் நனையாமல் நடக்க. மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.

உவரி மாலுமி:

தம்பி, ஒரு சின்னத் திருத்தம் எல்லோருக்கும். முக்கோணம் நிற்கிற இடம் மக்கள் போய் நிற்கக்கூடிய வடகோடி. அதற்கு வடமேற்கே கடலுக்குள் பென்டென் என்று ஒரு பாறைத் தீவு இருக்கிறது. வரைபடத்தில் அதுதான் இன்னும் வடக்கே. கடல்சிங்கங்கள் ஏறிப் படுத்துக் கிடக்கும் இடம். அவற்றுக்குச் சான்றிதழ் தேவையில்லை, வடகோடிக்கு வந்ததாகக் கரைக்கடையில் விற்கிற சான்றிதழ் நமக்குத்தான்.

அம்பை வாசகர்:

கடைசியாக ஒரு கேள்வி. அங்கிருந்து சகாலினுக்குப் படகு உண்டா? அப்பா கேட்கச் சொன்னார்.

தென்காசி மாணவன்:

முன்பு கோடையில் வக்கனாயிலிருந்து கோர்சகோவுக்குப் படகு போனது. சில ஆண்டுகளாக ஓடவில்லை. வக்கனாய்த் தெருக்களில் ரஷ்ய எழுத்தில் வைத்த பலகைகள் மட்டும் மிச்சம். சகாலினைக் கரையிலிருந்து பார்க்க அப்பாவைக் கூட்டிப் போவதென்றால் ஜூன் மாதம் போங்கள். அப்போது நாலு மணிக்கு முன்பே விடிந்துவிடும், வக்கனாயில் தங்கி காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கலாம். மூடுபனி இறங்காத நாளாக அமைவது உங்கள் அதிர்ஷ்டம். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.